எண்பது கிராம் தண்ணீர்

யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் கணுக்காலுக்குத்தான் போகும். செருப்பு வார் தோலில் பதிந்திருக்கிறதா, காலுறையின் விளிம்பு கோடு போட்டிருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் மெல்ல முகத்துக்கு ஏறும். கடை வரிசையில் நின்றாலும் இதே கதைதான். "என்னைக்காவது எவகிட்டயாவது செருப்படி வாங்கப் போறீங்க, நான் குறுக்க வரமாட்டேன், சொல்லிட்டேன்," என்று அவர் மனைவி பலமுறை எச்சரித்துவிட்டாள். அவர் திருந்தவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம் அது.

சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கும் பிரிவில் அவர் டெக்னீஷியன். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்று ஒவ்வொருவரும் வந்து படுப்பார்கள். உள்ளே வந்ததும் எடை. முடிந்து கிளம்பும்போது மறுபடி எடை. அவர்கள் உடம்புக்குள் போன தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. ஆகவே போன தடவை கிளம்பியபோது இருந்த எடைக்கும் இந்தத் தடவை வந்தபோது இருக்கும் எடைக்கும் நடுவே ஏறியிருப்பது அநேகமாக எல்லாமே தண்ணீர்தான். அது முதலில் காட்டிக்கொடுப்பது கணுக்கால் வீக்கத்தில். இதில் யாரும் ஏமாற்ற முடியாது. ஆனாலும் விடாமல் முயற்சி செய்வார்கள்.

"சத்தியமா சார், நாக்கை நனைச்சதோட சரி."

"மூணு கிலோ ஏறியிருக்கு. உங்க நாக்கு மூணு கிலோவா? அதான் இவ்வளவு பேசுறீங்க."

ஒரு நாளைக்கு அரை லிட்டர். டீ, மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள். அதற்கு மேல் போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு திணறும். இதை அவர் அன்பாகவும் சொல்லிப் பார்த்துவிட்டார், அதட்டியும் சொல்லிப் பார்த்துவிட்டார். பலன் என்னவென்றால், நோயாளிகள் அவருக்கு 'அரை லிட்டர்' என்று பெயர் வைத்தார்கள். "இன்னைக்கு அரை லிட்டர் டூட்டியா? ஐயோ!" என்று வராந்தாவில் கிசுகிசுப்பது அவர் காதிலும் விழும். விழட்டும். தண்ணீர் கொடுத்துக் கெடுப்பவனுக்கு நல்ல பெயரும், கொடுக்காமல் காப்பாற்றுபவனுக்குக் கெட்ட பெயரும் கிடைப்பதுதானே உலக வழக்கம் என்று பொருமிக்கொண்டு ஊசியை எடுப்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு செடி பிடித்துப்போனதென்றால் அது எந்தச் செடியாக இருக்கும்?

மருத்துவமனையின் பின்புறம் ஒரு பழைய சலவைக்கூடம் இருந்தது. அதன் கருங்கல் சுவரில் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை வெயில் நேராக அடிக்கும். உள்ளங்கையை வைத்தால் சுட்டுவிடும். அந்தச் சுவரின் இடுக்குகளில் ஒரு பெரணி முளைத்திருந்தது. பெரணி என்றாலே கிணற்று உட்சுவரில், நிழலில், ஈரத்தில் தொங்குவது என்றுதான் எல்லோரும் நினைப்போம். இது வேறு ரகம். விரல் நீள இலை, அடிப்பக்கம் முழுக்க வெண்பழுப்பு ரோமம். வறட்சி வந்தால் இலைகள் உள்பக்கமாகச் சுருண்டு முஷ்டி பிடித்துக்கொள்ளும். பச்சை உள்ளே போய் ரோமம் வெளியே வந்துவிடும். பார்ப்பவர்களுக்கு எரிந்த காகிதம் மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்தால் போதும், அரை நாளில் விரித்துக்கொண்டு பச்சைப் பசேல் என்று நிற்கும். பன்னிரண்டு மாதமும் இலை உதிர்க்காது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் அந்தச் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டவர் அவர். யாரும் அதற்கு ஒரு சொட்டு ஊற்றியதில்லை. அதுவும் யாரிடமும் கேட்டதில்லை. 'சொன்ன பேச்சைக் கேக்குற ஒரே ஆளு' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

வாகன நிறுத்தத்துக்காகச் சலவைக்கூடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், முந்தின நாள் உளியோடு போய் மூன்று புதர்களைக் கல்லோடும் பழைய சுண்ணாம்புக் காரையோடும் பெயர்த்தெடுத்தார். கூடவே சுவரின் கற்கள் இருபது, முப்பது. சரக்கு ஆட்டோக்காரர், "சார், இதை விக்கவா போறீங்க?" என்று கேட்டார். "வளர்க்கப் போறேன்," என்றார். கல்லையா என்று ஆட்டோக்காரர் கேட்கவில்லை. ஆனால் வழி முழுக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவர் குடியிருந்தது நான்கு மாடி, பன்னிரண்டு வீடு கொண்ட கட்டடம். கேட்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே, சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு துண்டு இடம். நிலத்தடித் தொட்டியை ரிப்பேர் செய்தபோது எடுத்த சிமெண்ட் கட்டிகளைக் கொட்டி வைத்து, அதன்மேல் சைக்கிள் டயரும் உடைந்த வாளியும் ஏறி, யாரும் திரும்பிப் பார்க்காத இடம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அவர் கல்தோட்டமாக்கினார். அடியில் உடைந்த கட்டிகள், தண்ணீர் தேங்காமல் வடிய. அதன் மேல் இரண்டு பங்கு பொடி ஜல்லி, ஒரு பங்கு இலைமக்கு, கொஞ்சம் பழைய காரைத் தூள். ஒவ்வொரு கல்லையும் பின்பக்கம் சற்றுச் சாய்த்துப் பாதி புதைத்தார். மேலே வெயில் எரிந்தாலும் கல்லுக்கடியில் வேர் குளுமையாக இருக்கும். இலைக்கு வெயில், வேருக்கு நிழல், அவ்வளவுதான் சூத்திரம். கடைசியில் செடியின் கழுத்தைச் சுற்றி, இலைக்காம்புகள் மண்ணிலிருந்து கிளம்பும் இடத்தில், ஜல்லியைப் பரப்பினார், அந்த இடம் எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டுமென்று. முதல் வருடம் செடிகள் நன்றாகவே வந்தன. பன்னிரண்டு வீட்டில் ஒருவராவது நின்று பார்த்தார்களா? இல்லை. பச்சையாக இருந்தவரை அது யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டாம் வருடம் வெயில் காய்ந்தது. பெரணி முஷ்டி பிடித்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் கண் திறந்துவிட்டது.

"செடியெல்லாம் செத்துப் போச்சு போலயே?" இரண்டாம் மாடி.

"தண்ணி கிண்ணி ஊத்துறதில்லையா?" முதல் மாடி.

"ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவரு, ஒரு உயிரைப் பட்டினி போடுறாரே!" இது யார் சொன்னது என்று தெரியவில்லை, படிக்கட்டு வளைவில் கேட்டது.

அவர் விடவில்லை. நின்று நிதானமாக ஒவ்வொருவருக்கும் விளக்கினார். தூங்குகிறது, சாகவில்லை. தண்ணீர் ஊற்றினால்தான் சாகும். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, "ஒரு டம்ளர் ஊத்தினா என்ன ஆயிடப் போகுது?" என்றார்கள். இதே கேள்வியை நாள் முழுக்க வேலை இடத்தில் காதில் வாங்கிவிட்டு வருபவர் அவர். வீட்டு வாசலிலும் அதே கேள்வி என்றால் ஒரு மனிதன் எங்கேதான் போவது?

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் மூன்றாம் மாடியில் இருந்தார். அவர் வேறு யாருமல்ல, மனைவியின் அண்ணன். பள்ளிக்கூடங்களுக்கு மேசை நாற்காலி செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். வாழ்க்கையில் எதைப் பார்த்தாலும் மேலே உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார், சமமாக இருக்கிறதா என்று. மேடும் பள்ளமுமாகக் கல் கிடந்தால் அவருக்கு உடம்பே கூசும். சங்கக் கூட்டத்துக்கு ஒரு துண்டு பிளாஸ்டிக் புல்லைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார்.

"தொட்டுப் பாருங்க மாப்பிள்ளை. வருஷம் பூரா பச்சை. தண்ணியும் வேண்டாம்."

"என் செடியும் வருஷம் பூரா பச்சைதான் மச்சான். தண்ணியும் வேண்டாம்."

"எங்க பச்சை? எனக்குத் தெரியலையே. கண்ணாடி மாத்தணுமா நான்?"

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு முற்றி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்து. அதற்குள் மழை வந்து, செடி உயிரோடு இருப்பது எல்லோருக்கும் தெரிந்தால் கல்தோட்டம் இருக்கும். இல்லாவிட்டால் கல்லை அள்ளிப்போட்டு, தரையைச் சமப்படுத்தி, பிளாஸ்டிக் புல். இவர் ஒப்புக்கொண்டார். இரண்டு மாதத்தில் ஒரு மழையாவது வராமலா போகும், வந்தால் தன் பெரணி கைவிடாது என்று அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாவது வாரம் ஓரத்துப் புதரின் நடுப்பகுதி கறுத்தது. தொட்டால் விரல் உள்ளே போனது. அழுகல் வாடை. வறட்சியில் பெரணி சுருளும், பழுக்காது, கறுக்காது. கறுத்தால் ஒரே காரணம், கழுத்தில் தண்ணீர். இரண்டு மாதமாக வானம் ஒரு சொட்டு விடவில்லை. அப்படியானால் யாரோ ஊற்றுகிறார்கள்.

அன்று அவர் கட்டடத்தின் நடுவே நின்று போட்ட சத்தம் மொட்டை மாடிவரை கேட்டது. "யாரு? யாரு ஊத்துறது? தைரியம் இருந்தா சொல்லுங்க! நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன், அடுத்த கூட்டத்துல ஆதாரத்தோட பேர் சொல்றேன் பாருங்க!" கதவுகள் திறந்தன, மூடின.

கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எடை. மிஞ்சியிருந்த இரண்டு புதர்களில் ஒன்றிலிருந்து சின்னத் துண்டு பிரித்து, அதே கலவை போட்ட மண்தொட்டியில் நட்டு, கற்களுக்கு நடுவே தொட்டியைக் கழுத்துவரை புதைத்தார். பார்ப்பவர்களுக்குத் தொட்டி இருப்பதே தெரியாது. வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவையும், திரும்பி வந்ததும் ஒரு தடவையும் அதை உருவியெடுத்துச் சமையலறைத் தராசில் வைப்பார்.

"மாவு நிறுக்கிற தராசுங்க இது! மண்ணைக் கொண்டாந்து வைக்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"தொடைச்சுத்தானே வைக்கிறேன்."

"என் அண்ணன் வந்து பார்த்தா என்ன நெனைப்பான்?"

"உன் அண்ணன் ஏற்கெனவே நெனைச்சாச்சு."

மழை இல்லை என்றால் தொட்டி நாளுக்கு நாள் சில கிராம் இளைக்க வேண்டும். நான்கு நாள் ஒழுங்காக இளைத்தது. ஐந்தாம் நாள் எண்பது கிராம் ஏறியிருந்தது. பிறகு ஒரு நாள் விட்டு அறுபது, எழுபது, மறுபடி எண்பது. எல்லாம் காலையில் அவர் கிளம்பிய பிறகு. செடி கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. ஊற்றிய கைதான் கிடைக்கவில்லை. கிழமை, எடை எல்லாவற்றையும் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார். அதே நோட்டின் முன்பக்கத்தில் அவருடைய நோயாளிகளின் எடை இருந்தது.

இதற்கிடையில் மச்சான் ஒரு வேலை செய்தார். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டுதான். "மாப்பிள்ளை, நான் கண்டுபிடிச்சிட்டேன். படிக்கட்டு கழுவுற அம்மாதான். பினாயில் தண்ணியைச் சாக்கடைக்குக் கொண்டுபோய்க் கொட்டச் சோம்பல்பட்டு உங்க கல்லுல ஊத்தியிருக்கு. வேற யாரு காலையில அங்க நிக்கிறா? கூட்டத்துல வச்சு நிறுத்திடலாம், விடுங்க."

படிக்கட்டு அம்மா ஒன்பது வருடமாக அந்தக் கட்டடத்தின் படிகளையும் முற்றத்தையும் கழுவுகிறவர். "நான் ஊத்தல சார்," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு வார்த்தையை இவர் நம்பினார். பினாயில் பட்டிருந்தால் வாடையே வேறு. ஆனால் தான் போட்ட கூச்சல்தானே இப்போது இந்த அம்மாவின் தலையில் விடிந்திருக்கிறது? அந்த நினைப்பு அவரை இன்னும் கொதிக்க வைத்தது. தன் மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யாருக்குத்தான் தெரியும்?

கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. பிரிவில் அன்று லிஃப்ட்காரரின் முறை.

லிஃப்ட்காரர் இவருடைய கட்டடத்திலேயே தரைத்தளத்தில் பின்பக்க வீட்டில் தனியாக இருந்தவர். அந்தக் கட்டடத்தின் லிஃப்டையும் பக்கத்துத் தெருக்களில் நான்கைந்து லிஃப்டையும் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. மூன்று வருடமாக இவரிடம்தான் சிகிச்சைக்கு வருகிறார். இது கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. "மூச்சு வாங்குறவனை யாருங்க லிஃப்ட் மேல ஏறவிடுவாங்க?" என்று முதல் நாளே கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து பிரிவில் இவர் அவருக்கு 'சார்'. கட்டடத்தில் 'தம்பி'. மனைவியிடம்கூட இவர் மூச்சு விட்டதில்லை. அங்கே தெரிந்தது அங்கேயே இருக்கும். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அது வெளியே வந்ததில்லை.

தராசில் ஏறினார் லிஃப்ட்காரர். ஒன்றே முக்கால் கிலோ.

"பரவாயில்லையே அண்ணே! ரெண்டரைக்குக் குறையாம வருவீங்க. கொஞ்ச நாளாவே நல்லா இருக்கு. எல்லாருக்கும் உங்களைத்தான் உதாரணம் காட்டப்போறேன்."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டார். புகழ்ந்தால் பல்லைக் காட்டுகிற மனிதர். இவர் நோட்டைத் திறந்து எடையை எழுதினார். எழுதிய கை நின்றது. பின்பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்பக்கம். மண்தொட்டி ஏறிய நாட்களை அடுத்தெல்லாம் இந்த மனிதர் அதிகம் ஏறவில்லை. தொட்டி இளைத்த நாட்களை அடுத்து லிஃப்ட்காரர் பழையபடி இரண்டரை கிலோ. தொட்டியில் விழுந்தது எண்பது கிராம், மற்ற கல் இடுக்குகளில் விழுந்தது எவ்வளவோ. ஒரு பக்கம் போனது இன்னொரு பக்கம் வந்திருந்தது, குழாய் வைத்து இணைத்த மாதிரி.

மறுநாள் இவர் வேலைக்குக் கிளம்புவது போல் கிளம்பி, கேட்டுக்கு வெளியே போய், சுவரோரம் நின்றார். ஐந்து நிமிடம். லிஃப்ட்காரர் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். கல்தோட்டத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார்.

"நிறுத்துங்க அண்ணே."

பாட்டில் கையிலேயே நின்றது.

"கொஞ்சம்தான் தம்பி."

"எல்லாரும் கொஞ்சம்தான்! எல்லாரும் ஒரு டம்ளர்தான்! உங்க உடம்புலேர்ந்து ரெண்டு லிட்டரை எடுக்க எனக்கு நாலு மணி நேரம் ஆகுது. இதுக்கு எந்த மெஷினைக் கொண்டாந்து வைப்பேன்? ஒரு செடி போச்சு. அழுகிப் போச்சு. தெரியுமா?"

"பாவமா இருந்துச்சு."

"பாவமா? மூணு வருஷமா எங்கிட்ட வர்ற உங்களுக்குமா புரியல? ஊத்துறதெல்லாம் புண்ணியம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

லிஃப்ட்காரர் பாட்டிலை மூடினார். பிறகு, "பாவமெல்லாம் இல்ல தம்பி, சும்மா சொன்னேன்," என்றார். "நான் குடிக்க முடியாது. ஏதாவது ஒண்ணு குடிக்கிறதைப் பக்கத்துல உக்காந்து பார்க்கணும்னு தோணுச்சு. கல்லு இடுக்குல ஊத்தினா ஒரு சத்தம் வரும், கேட்டிருக்கீங்களா? தொண்டையில இறங்குற மாதிரியே இருக்கும். அதுக்குத்தான்."

"குழாயைத் திறந்து வச்சுக் கேக்க வேண்டியதுதானே!"

"அது சாக்கடைக்குப் போற சத்தம். குடிக்கிற சத்தம் இல்ல."

அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "உங்க அரை லிட்டர்லேர்ந்தா ஊத்துறீங்க?" என்று கேட்டார்.

"அப்புறம்? அளந்து வச்சதுலேர்ந்துதான். மொதல்ல இதுக்கு, மிச்சம் எனக்கு."

திட்டுவதற்கு வாய்வரை வந்த நல்ல வார்த்தைகள் எல்லாம் திரும்பிப் போய்விட்டன. "ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு சொல்லிடுங்க," என்று மட்டும் சொன்னார். "அந்தம்மா வேலை போகப் போகுது. நோயைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். தெரியாம ஊத்திட்டேன்னு சொன்னாப் போதும்." லிஃப்ட்காரர் தலையாட்டினார்.

தலையாட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோயாளிகள் எல்லோரும் தலையாட்டுபவர்கள்தான்.

கூட்டம் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு நடந்தது. படிக்கட்டு அம்மாவை ஒரு தூணருகே நிற்க வைத்திருந்தார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இவர் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டார். அந்த அம்மா உட்காரவில்லை. மழையும் வரவில்லை. செடி சுருண்டபடியே இருந்தது.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். "பொதுச் சொத்தைக் கெடுக்கிறவங்க யாரா இருந்தாலும் இந்தக் கட்டடத்துல இனி வேலை கிடையாது. இதுல எல்லாருக்கும் சம்மதம்தானே?" சம்மதம் என்று முனகல் எழுந்தது. "இந்தம்மாதான் ஊத்தினதுன்னு..."

"இந்தம்மா இல்ல," என்றார் இவர்.

"அப்ப யாரு? ஆதாரத்தோட பேர் சொல்றேன்னு கத்தினீங்களே மாப்பிள்ளை. சொல்லுங்க. நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களாமே, தங்கச்சி சொல்லிச்சு. எடுங்க, பார்ப்போம்."

நோட்டு சட்டைப்பையில் இருந்தது. அதைத் திறந்தால் பின்பக்கத்துச் செடிக் கணக்குக்கு முன்பக்கத்து நோயாளிக் கணக்குதான் சாட்சி. அவர் கடைசி வரிசையைப் பார்த்தார். லிஃப்ட்காரர் இரண்டு கையையும் தொடைமேல் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் வேலையை ஏதாவது கம்பெனிக்குக் கொடுத்துவிட மச்சான் ஒரு வருடமாகக் காரணம் தேடிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இவர் காத்திருந்தார். எழுந்திருப்பார் என்று நிஜமாகவே காத்திருந்தார். எழுந்திருக்கவில்லை. கொதித்துக்கொண்டு வந்தது இவருக்கு. மச்சான் மேல், தூணருகே நிற்க வைத்தவர்கள் மேல், தலையாட்டிவிட்டுத் தரையைப் பார்க்கிற அந்த மனிதர் மேல், இந்தச் சந்திக்குக் கொண்டுவந்து நிறுத்திய தன்னுடைய வாய் மேல்.

"நான்தான்," என்றார்.

"என்ன நீங்கதான்?"

"நான்தான் ஊத்தினேன். கூட்டத்துக்கு முன்னாடி பச்சையாக்கிடலாம்னு ஊத்தினேன். அழுகிடுச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. போதுமா?"

பிறகு கிளம்பிய சிரிப்பு இருக்கிறதே! முதல் மாடிக்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு!" என்றார் ஒருவர். "சொந்தத் தங்கச்சி புருஷனைக் கட்டடத்தை விட்டுத் தள்ளவா முடியும்?" என்று மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். படிக்கட்டு அம்மாவின் பேச்சு அதோடு முடிந்தது. கல்தோட்டத்தின் பேச்சும் முடிந்தது. கை தூக்கினார்கள். பத்துக் கை பிளாஸ்டிக் புல்லுக்கு. புதன்கிழமை ஆட்கள் வருவார்கள், அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கதவைச் சாத்திவிட்டு எதிரே வந்து நின்றாள். "பொய். பச்சைப் பொய். இத்தனை வருஷத்துல எனக்கே ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல நீங்க. செடிக்கு ஊத்தினீங்களாம்! யாருக்காகச் சொன்னீங்க?"

"யாருக்காகவும் இல்ல."

"என் அண்ணன் சிரிச்சதைப் பார்த்தீங்களா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் புருஷனைப் பார்த்துச் சிரிக்க அவன் யாரு?" என்று சொல்லிவிட்டு, தராசை எடுத்து அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

கீழே கற்களைப் பெயர்க்கப் போனபோது படிக்கட்டு அம்மா வாளியோடு நின்றார்.

"சார், நீங்க ஊத்தல. எனக்குத் தெரியும். யாரு ஊத்தினாங்கன்னும் தெரியும். தினமும் பார்க்கிறேனே."

"தெரியுமா? அப்ப ஏம்மா சொல்லல?"

"யாரு கேட்டாங்க? நீ ஊத்தினியான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். யாரு ஊத்தினாங்கன்னு என்கிட்ட யாராவது கேட்டாங்களா? நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பன்னிரண்டு வீட்டு வாசலிலும் நின்று கத்தியவர், தொட்டி புதைத்து இரண்டு வேளை எடை பார்த்தவர், தினமும் அந்த முற்றத்தைக் கழுவுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இவர் முதல் கல்லைப் பெயர்த்தார். அன்றுவரை மற்றவர்கள் மேல் பட்ட கோபத்தில் ஒரு பெரிய பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

லிஃப்ட்காரர் வந்தார். கிட்ட வராமல் நான்கடி தள்ளி நின்றார்.

"எழுந்திருக்கணும்னுதான் தம்பி..."

"பேசாதீங்க."

"என் ஜன்னலுக்கு வெளிய ஒரு மூணடி இடம் இருக்கு. என் வீட்டோட சேர்ந்தது, சங்கத்துக்கு அதுல பாத்தியதை இல்ல. மத்தியானம் பூரா வெயில் அடிக்கும்."

இவர் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். திரும்பிப் பார்த்தால் லிஃப்ட்காரர் ஒரு கல்லை அணைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார்.

"அந்தக் கையாலயா? ஊசி போடுற கை அண்ணே அது! நரம்பு அறுந்தா மறுபடி எங்க போய்த் தேடுவேன்? புத்தி இருக்கா உங்களுக்கு? வச்சிட்டு அந்தப் பக்கம் போய் நில்லுங்க!"

ஜன்னலடியில் ஜல்லி பரப்பி, கல்லைச் சாய்த்து, மிஞ்சிய இரண்டு புதர்களையும் தொட்டியில் இருந்த துண்டையும் நட இரண்டு நாள் ஆனது. லிஃப்ட்காரர் வலது கையால் மட்டும் ஜல்லியை அள்ளிப் போட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசிப் புதரின் கழுத்தில் ஜல்லியை ஒதுக்கி முடித்ததும் இவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் சொல்ல வேண்டியது ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. சொல்லவே பிடிக்கவில்லை.

"இப்போ இதுக்குத் தண்ணி வேணும்."

"என்ன தம்பி?"

"வேரை அசைச்சாச்சு. மறுபடி கல்லுல பிடிக்கிற வரைக்கும், ரெண்டு மூணு மாசத்துக்கு, நாலு நாளைக்கு ஒரு தடவை வேணும். சிரிக்காதீங்க. இலை மேல இல்ல, கழுத்துல இல்ல. இதோ, கல்லுக்குப் பின்னால. காலையில. உங்க அரை லிட்டர்லேர்ந்து ஒரு சொட்டு எடுக்கக் கூடாது, இது குழாய்த் தண்ணி. புரியுதா?"

லிஃப்ட்காரர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லின் பின்பக்கம் மெல்லச் சாய்த்தார். ஜல்லி கறுத்துக்கொண்டே போனது. அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்."

"இன்னும் பாதி இருக்கே."

"போதும்னா போதும் அண்ணே. அடுத்தது சனிக்கிழமை, சிகிச்சை முடிஞ்சு வந்ததும். அதுவும் நான் பக்கத்துல இருக்கும்போது."

லிஃப்ட்காரர் சொம்பை நிமிர்த்தினார். முன்பக்கம் இன்னும் பதினோரு கல் பாக்கி இருந்தது. விடிந்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி நடந்தார்.